எட்டடி உயர ஜன்னல்

மின்விசிறியே தேவைப்படாதபடி அந்த ஊர் மன்றத்தை வடிவமைத்தவன் நான். மண்சுவர், கூரையில் சூரிய மின்தகடு. வெக்கை மேலேறி வெளியேறட்டும் என்று ஜன்னல்களை எட்டடி உயரத்தில் வைத்தேன்.

முதல் கூட்டத்தில் பெண்களுக்காகப் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பக்கத்திலிருந்த ஊர்த் தலைவரிடம் கேட்டேன்.

"அவுக உள்ள வர மாட்டாக சார். வெளிய நின்னு ஜன்னல் வழியாத்தான் சண்டை போடுவாக. இன்னைக்குச் சத்தத்தையே காணோம், கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிட்டு," என்றார்.

அதே இடத்தில் இருந்த பழைய மன்றக் கட்டடத்தை இடிப்பதற்கு முன் அளந்தது நானேதான். இடுப்புயர ஜன்னல்களின் வெளி விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து கறுத்திருந்தது. எண்ணெய்க் கறை என்று குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன். முழங்கை ஊன்ற இடமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஒண்ணுமே கேக்கலய்யா. தண்ணிக் குழாய எந்தத் தெருவுக்குக் குடுத்திருக்காக?" என்று அவர்களில் ஒருத்தியான முத்துப்பேச்சி கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் முழுக்க நான் அண்ணாந்து, காற்று சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.