விரிப்புக்கு அடியில்

"தேய்க்கத் தேய்க்கச் சிவக்குதே, கியா! மஞ்சளாத்தானே இருந்துச்சு?"

சஹாக் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கம்பளத்தை வெறித்துப் பார்த்தார். மலேசியாவில் மூவார் ஆற்றோரக் கிராமத்துத் தொழுகைக்கூடத்தின் புதுக் கம்பளம், பால் நிறம். முன்வரிசை ஓரத்தில், மேற்கு சன்னலை ஒட்டி, இரண்டு கையகலத்துக்கு ஒரு கறை. மதிய விருந்து முடிந்து, கூடத்தைப் பராமரிக்கும் வேலையிலிருந்த அவர் மிஞ்சிய கோழிக் குழம்பைத் தூக்கிப் போனபோது சட்டி சரிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

"சோப்புல காரம் இருக்குல்ல? சுண்ணாம்பு பட்ட மாதிரி மஞ்சள் சிவந்துடும்" என்றாள் மனைவி ரொக்கியா. "வினிகர் ஊத்துங்க. புளிப்புப் பட்டா மஞ்சளாயிடும்."

ஊற்றினார். சிவப்பு மறைந்து பளிச்சென்று மஞ்சள் வந்தது.

"மஞ்சளாயிடுச்சு. போகலையே?"

"மஞ்சளாகும்னுதானே சொன்னேன். போகும்னு சொன்னேனா?"

மஞ்சள் தண்ணீரில் கரையாது. எண்ணெயில்தான் கரையும். குழம்பிலிருந்த தேங்காய்ப்பாலின் எண்ணெயோடு சேர்ந்து நூலுக்குள் இறங்கிவிட்டால், தேய்ப்பதால் அகலமாகுமே தவிர அகலாது. கழற்றித் துவைக்கவும் வழியில்லை. கம்பளத்தைத் தரையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"ஹாஜா சவியாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"எந்த முகத்தோட சொல்ல? செத்துப்போன புருஷன் பேர்ல அந்தம்மா கொடுத்த கம்பளம். அவருக்கு ஓதத்தானே விருந்தே வச்சாங்க! எனக்கு முன்னாடி இருந்தவன் கடிகாரத்தை உடைச்சதுக்கே கமிட்டி வேலையை விட்டுத் தூக்கிடுச்சு. வேலை போனா இந்தப் பின்வீடும் போயிடும். பத்தொன்பது வருஷமா இங்கதானே கிடக்கோம். எங்கடி போவோம்?"



சஹாக் தம் தொழுகை விரிப்பைக் கொண்டுவந்து கறையின் மேல் விரித்தார். ஓரத்தில் மஞ்சள் தெரிவதுபோல் தோன்றியது. மேற்கு சன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஐந்து வேளையும் முதல் ஆளாக வந்து அந்த இடத்தில் நின்றார். கடைசி ஆளாக எழுந்தார்.

"என்ன சஹாக் ஐயா, அந்த மூலையைப் பட்டா போட்டுட்டீங்களா?" என்றான் மீன்காரன் டோலா.

"சொர்க்கத்துக்கு அந்தப் பக்கம்தான் வாசல்னு யாராவது சொல்லியிருப்பாங்க" என்றான் இன்னொருவன்.

"சிரிக்காதீங்க. அந்தப் பக்தி உங்களுக்கு வருமா?" என்றார் இமாம்.

அந்தப் பாராட்டுதான் சஹாக்குக்கு நெருப்பாகச் சுட்டது. நெற்றியைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அது சரியாகக் கறைக்கு மேலேயே பட்டது. மற்றவர்கள் மன்னிப்பும் நல்ல முடிவும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரு கறை போகும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கூடம் காலியாகும் நேரத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். அப்படியே இருக்கும். சமையல் சோடா போட்டார், சிவந்தது. மறுபடி வினிகர், மறுபடி மஞ்சள். ப்ளீச் பாட்டிலை எடுத்தபோது ரொக்கியா பிடுங்கிக்கொண்டாள்.

"நூலே வெந்துடும். அப்புறம் ஓட்டையை எதைப் போட்டு மூடுவீங்க?"

பதினோராம் நாள், மறுநாள் ஹாஜா சவியாவின் மகன் கோலாலம்பூரிலிருந்து கம்பளத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ரொக்கியா சத்தமில்லாமல் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். சஹாக் சோறு தொடவில்லை. பகல் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, நடுத்திரைக்கு அப்பால் பெண்கள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஹாஜாவிடம் போய் நின்றார்.

"ஹாஜா, கொஞ்சம் வாங்க. என்னை என்ன வேணா செய்யுங்க. ஆனா முதல்ல இதைப் பாருங்க."

விரிப்பைத் தூக்கினார்.

கிழவி குனிந்து பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயுமா, சஹாக்?"

"என்ன ஹாஜா?"

"அதே விருந்துல நானும் அந்தப் பக்கம் ஒரு கிண்ணம் குழம்பை முழுசாக் கவுத்துட்டேன். ரமலான் வரைக்கும் பெண்கள் பக்கம் ஆள் வராதுன்னு ஒரு தைரியம். அங்க பெருக்குற வேலையை நான் பாத்துக்கிறேன்னு உன் பொண்டாட்டிகிட்ட வலியக் கேட்டு வாங்கினேனே, எதுக்குன்னு நினைச்சே? அவர் பேர்ல கொடுத்துட்டு, முதல் கறையை நானே வச்சேன்னு எப்படிடா வெளியில சொல்வேன்? நாளைக்கு மகன் வந்தா நான் பேசிக்கிறேன்."

சஹாக் நடுத்திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கிழக்கு சன்னலருகே அவள் கை காட்டிய இடம் பாலாக வெளுத்திருந்தது.

"என்ன போட்டீங்க? எங்க வாங்கினீங்க?"

"ஒண்ணும் போடலைடா. எனக்கு என்ன தெரியும்? தினமும் காலையில வந்து சன்னலைத் திறந்து வச்சுட்டு, பக்கத்துல உக்காந்து அழுவேன். அது கண்ணு முன்னாடியே வெளுத்துக்கிட்டே வந்துச்சு. அஞ்சாம் நாள் காணோம்."

சஹாக் சாத்திய சன்னலையும் இழுத்துவிட்ட திரையையும் கையிலிருந்த விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். சோப்புக்கும் வினிகருக்கும் அசையாத மஞ்சள் வெயில் பட்டால் தானே செத்துவிடும். அந்த வெயில் படாமல், பதினோரு நாளாகக் கறையைக் கட்டிக் காத்தது அவரேதான்.

விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சஹாக் மேற்கு சன்னலை விரியத் திறந்தார்.