ஏழாவது பத்தி

கிர்... கிர்... கிர்...

மாடிப்படிப் பக்கமிருந்து வந்தது அந்தச் சத்தம். இரும்பை இரும்பு மெல்வதுபோல. கரண்ட் போன இருட்டில் இன்னும் பலமாகக் கேட்டது.

"அம்மா, எலியா?"

"ஆமாடி கண்ணு, எலிதான். பேசாம இரு."

மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தவர்களும் இப்படி இருட்டியபிறகுதான் வந்தார்கள். ஒரே உதை. தாழ்ப்பாள் பிய்ந்து சமையலறை வரை பறந்தது. லாரி டிரைவர்கள் சங்கத்தின் செயலாளரான அவள் கணவனைச் செருப்புக்கூடப் போடவிடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து ஆளும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. 'எங்களிடம் இல்லை' என்றது போலீஸ். இரண்டு கோர்ட்டும் மனுவைத் தள்ளிவிட்டன. 'நாளைக்கு வர்றேன்' என்ற மூன்று தச்சர்களும், இது யார் வீடு என்று தெரிந்ததும் தெருவையே மறந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் தையல் மிஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள்.

செல்போன் அதிர்ந்தது. வக்கீலக்கா.

"கமிட்டிக்கு அரசாங்கம் பதில் எழுதியிருக்குடி. காப்பி வந்திருக்கு."

மனித உரிமை உடன்படிக்கையில் இந்த நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. போட்டவர்கள் சொன்னபடி நடக்கிறார்களா என்று பார்க்க வெளிநாட்டில் ஒரு கமிட்டி. உள்ளூர்க் கோர்ட்டெல்லாம் கைவிட்டபிறகுதான் அதற்கு எழுத முடிந்தது. விசாரணை முடியும்வரை இவளுக்கும் குழந்தைக்கும் பாதுகாப்புக் கொடுக்கும்படி கமிட்டி அரசாங்கத்தைக் கேட்டிருந்தது.

"படிங்கக்கா."

"ஏழாவது பத்தி. 'மனுதாரரின் கதவு பழுதுபார்க்கப்பட்டு, உட்புறம் உறுதியான தாழ்ப்பாள் பொருத்தப்பட்டுள்ளது. அவர் அச்சமின்றி வசித்து வருகிறார்.'"

அவள் தையல் மிஷினைப் பார்த்தாள். "இதுக்குத் தாழ்ப்பாள்னு பேர் வச்சுட்டாங்களா? கமிட்டி நம்பிடுமாக்கா?"

"அவங்க வந்து கதவைத் தொட்டா பாக்கப்போறாங்க? போலீசும் இல்ல, ஜெயிலும் இல்ல அவங்க கையில. வர்ற காகிதத்தை வச்சுத்தான் எல்லாம். ஆனா, நாம மறுப்பு எழுதலாம். நீ மட்டும் சொன்னா 'கட்டுக்கதை'ம்பாங்க. வெளி ஆள் ஒருத்தர் சாட்சி சொல்லணும். மேல்வீட்டுல ஒருத்தர் இருக்காரே?"

"டைப்பிஸ்ட்டா? நல்லா சொன்னீங்க! அரசாங்க ஆபீஸ் ஆளு. படியில என்னைக் கண்டா சுவத்தைப் பாத்துக்கிட்டே இறங்குறாரு. பாப்பா குட் மார்னிங் சொன்னாக்கூட வாயில கொழுக்கட்டை. இங்க நடக்கறதையெல்லாம் போய் ஒப்பிக்கறதே அவராத்தான் இருக்கும்."

கிர் சத்தம் நின்றது.

படியில் காலடி. ஒன்று, இரண்டு... அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

தையல் மிஷினின் கால் தரையில் உரசியது. கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"அக்கா... வந்துட்டாங்க." கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். "யாரு?"

"நான்தாம்மா, மேல்வீடு. விளக்கு ஏத்தாதீங்க."

"திறக்காதடி!" என்று கத்தியது போன். திறப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தார். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர், கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"எங்க வந்தீங்க?"

"தாழ்ப்பாள் மாட்ட."

"யாரு அனுப்பினா?"

"ஏழாவது பத்தி."

அவள் கத்தரிக்கோலை அவர் பக்கம் நீட்டினாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டைப் அடிச்சதே நான்தாம்மா."

"சீ! எழுதறதையும் எழுதிட்டு, இப்ப அதை உண்மையாக்க வந்தீங்களா? நாளைக்குப் போட்டோ எடுத்து கமிட்டிக்கு அனுப்பணும், அதானே? பொய்யைக்கூட ஒழுங்கா முடிக்கிறாங்கப்பா உங்க ஆபீஸ்ல!"

அவர் சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கதவில் பிளந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே தாழ்ப்பாளை வைத்துத் திருகாணியைத் திருக ஆரம்பித்தார். கிர்... கிர்...

"அங்கிள், அந்த எலி நீங்கதானா?"

டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னார், "ஆமா பாப்பா."

 இரண்டு தரம் திருகாணி கீழே விழுந்தது. வேலை முடிந்ததும் மடித்த காகிதம் ஒன்றை மிஷின்மேல் வைத்தார்.

"வக்கீலம்மாகிட்ட குடுங்க. முதல்ல தாழைப் போடுங்க."

போய்விட்டார்.

போன் வெளிச்சத்தில் காகிதத்தைப் பிரித்தாள்.

'அரசின் பதில் மூன்றாம் தேதியிட்டது. அன்று இந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இன்று, இருபத்தொன்றாம் தேதி இரவு, மாட்டியவன் நான், அரசு அல்ல. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவனும் நானே.'

கீழே முழுப்பெயர், வேலை பார்க்கும் பிரிவு, கையெழுத்து.

"இருக்கியாடி? என்ன ஆச்சு?"

படித்துக் காட்டினாள். 

"இதை அனுப்பினா அந்த மனுஷனைச் சும்மா விடமாட்டாங்களேடி... தாழ்ப்பாளாவது நல்லதா?"

வெளிச்சத்தைக் கதவின் பக்கம் திருப்பினாள். நல்ல கனமான தாழ்ப்பாள். புதிது இல்லை. விளிம்பெல்லாம் பச்சைப் பெயின்ட்.

இந்தக் கட்டடத்தில் பச்சைக் கதவு ஒன்றுதான். மேல்வீட்டுக் கதவு.

மாடியில், கனமான மேஜை ஒன்றைக் கதவோரமாக இழுக்கும் சத்தம் கேட்டது.

அது நிற்கும்வரை காத்திருந்து, அவள் தாழைப் போட்டாள்.