இன்னும் கொஞ்சம் ஓடட்டும்

அது தோற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

திரையில் இரண்டு செஸ் புரோகிராம்கள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று, அவளும் தவசீலனும் ஆறு வருடமாகச் சேர்ந்து எழுதியது. மற்றது, அதிலேயே தவசீலன் கடைசியாகச் செய்த மாற்றத்தைச் சேர்த்தது.

ஆயிரம் ஆட்டம். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. பாதியைத் தாண்டினால்தான் மாற்றம் தேறும்.

போன வருடம் இதே மாற்றத்தை நூறு ஆட்டம்தான் ஆட விட்டாள். நாற்பத்து நான்கு புள்ளி. தேறாது என்று தூக்கிப் போட்டாள்.

"நூறு போதுமாக்கா?" என்று கேட்டான்.

போதும் என்றாள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான் என்றும் சொன்னாள். அடுத்த மாதம் அவன் விலகிக்கொண்டான். இரண்டு பேர் செய்த வேலையை அதன்பிறகு அவள் ஒருத்தியாகவே செய்கிறாள்.

நேற்று வந்தது வினை.

அவளுடைய புது மாற்றமும் முதல் நூறு ஆட்டத்தில் நாற்பத்து நான்குதான் எடுத்தது. மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டாள். ஆயிரம் முடிந்தபோது ஐந்நூற்று இருபத்தாறு. துள்ளிக் குதித்தாள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பிறகுதான் தவசீலன் ஞாபகம் வந்தது.

இன்று காலை எழுந்ததும் அவனுடைய பழைய கோப்பைத் தேடி எடுத்து ஓட விட்டாள்.

முந்நூறு ஆட்டம். அவனுடையது பின்தங்கியிருந்தது.

அப்பாடா.

இத்தோடு நிறுத்திவிடலாமா? விரல் பொத்தான் வரை போய்விட்டது. சீ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஐந்நூறு. சமம்.

கணவர் வைத்துவிட்டுப் போன மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

எழுநூறு. முன்னால் போய்விட்டது.

தவசீலன் நல்லவன். அவன் ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டியவள்தான் அவள். ஆனால் ஒரு ராஜா மூலையில் மாட்டும்போதெல்லாம் அது யாருடைய ராஜா என்றுதான் முதலில் பார்த்தாள். அவனுடையதாக இருந்தால் மூச்சு சீராக வந்தது. தன்னை நினைத்தே அவளுக்குக் கூசியது.

தொள்ளாயிரம். இறங்குவதாக இல்லை.

முடிந்தது.

ஐந்நூற்று முப்பத்தொன்று.

தன்னுடையதைவிட ஐந்து கூட.

கைபேசியில் அவன் எண்ணைத் தேடி எடுத்தாள். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் ஆயிரம் ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருவது நியாயமில்லை. அவனுக்குமே அது நியாயமில்லை.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

எத்தனை ஆட்டம் என்று திரை கேட்ட இடத்தில், பத்தாயிரம் என்று அடித்தாள்.