அமெரிக்கா குழப்பிய சம்பந்தம்

"அமெரிக்கா எண்ட சொல்லே இண்டைக்கு உங்கடை வாயிலை வரக்கூடாது. சொல்லிப்போட்டன்!"

ரோல்ஸ் பொரித்துக்கொண்டே அம்பிகை கணவரை எச்சரித்தாள்.

"ஓமப்பா, ஓம்," என்றார் தவராசா, சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி.

"போன ரெண்டு தரமும் இப்பிடித்தான் ஓம் ஓமெண்டனீங்கள். வந்த ஆக்கள் தேத்தண்ணி குடிக்க முந்தி எழும்பிப் போட்டினம். இந்த விதுரன் தங்கமான பெடியன். பலேர்மோ நடுவிலை, பொலிதேயாமாப் பக்கம் நல்ல வேலை. இதையும் குழப்பினால் பிள்ளைக்கு ஆர் வருவினம்?"

மகள் கேசிகா கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். அவள் முகத்தைப் பார்க்க அம்பிகைக்குப் பாவமாக இருந்தது.

விதுரனும் அவன் தகப்பன் சாந்தனும் சொன்ன நேரத்துக்கே வந்தார்கள். மாப்பிள்ளை கூச்சத்தில் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தன் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தார்.

"அண்ணை, அமெரிக்காவிலை ரெண்டு வேட்பாளரும் மேடையிலை மோதினதை ரீவியிலை பாத்தனீங்களோ?"

அம்பிகை ரோல்ஸ் தட்டை அவசரமாகச் சாந்தன் பக்கம் நீட்டினாள்.

"அதை விடுங்கோ தம்பி," என்றார் தவராசா. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. "சும்மா கேக்கிறன், நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் டெமோகிராட். தலைவன் எண்டால் நிதானமாக் கதைக்க வேணும்."

"நிதானமாக் கதைச்சால் சனம் நித்திரை கொள்ளும்! ரிப்பப்ளிக்கன்காரன்தான் மனதிலை உள்ளதைக் கதைக்கிறான்."

"அது கதையோ? குலைப்பு! வெளியிலையிருந்து வந்த சனத்தைக் கலைக்கிறவனுக்கு, நீங்களும் வெளியிலையிருந்து வந்துபோட்டு, வக்காலத்தோ?"

"சட்டமெண்டால் சட்டம்தான்! நாங்கள் கியூவிலை நிண்டு பெர்மெசோ விசா எடுக்கேல்லையோ?"

"இஞ்சாருங்கோ..." என்று அம்பிகை கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? தாங்கள் வாழும் இத்தாலியின் பலேர்மோ நகர மேயரைத் தெரிவுசெய்யவே வாக்கில்லாத இருவர், அமெரிக்க ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எழும்படா தம்பி! இந்த வீட்டிலை பொம்பிளை எடுத்தால் வருசம் முழுக்க எலெக்‌ஷன்தான்!"

சாந்தன் மகனை இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அம்பிகை செருப்பும் போடாமல் பின்னால் ஓடினாள். பஸ் நிறுத்தம் வரை மன்னிப்புக் கேட்டாள். பஸ் வந்தது. இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அழுகையை அடக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவள், பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் கணவரின் குரல் கேட்டு நின்றாள்.

"போன தரம் டெமோகிராட், இண்டைக்கு ரிப்பப்ளிக்கன். எனக்குத் தலை சுத்துது பிள்ளை. வேதக்கார, சேர்ச்சுக்குப் போற பெடியனெண்டாலும் பரவாயில்லை எண்டு கொம்மா உன்ரை ஜெனோஜனுக்கு இறங்கி வருமட்டும், இன்னும் எத்தினை பேரோடை நான் சண்டை பிடிக்கிறது? அது சரி, அவன்ரை தேப்பன் எந்தக் கட்சி?"

"அவருக்கு அமெரிக்க அரசியல் ஒண்டும் தெரியாது, அப்பா."

"அப்பாடா! எனக்கும்தான்."