ஏழு வால் வித்தியாசம்

மூங்கில் காட்டில் புள்ளிமான்களும் மந்திகளும் பல தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்தன. சிறுத்தை வந்தால் மந்திகள் மரத்திலிருந்து பார்த்துச் சொல்லும். மான்கள் மோப்பம் பிடித்துச் சொல்லும். இரண்டு கூட்டத்திலும் எந்த முடிவும் வாக்கெடுப்பில்தான்.

இந்த வருஷம், பழம் நிறைந்த மலைச்சரிவுக்குத் தனியாகப் போய்விடுவதென்று மந்திகள் வாலைத் தூக்கி வாக்களித்தன.

“ஏழு வால்தான் வித்தியாசம். நான் என்ன செய்ய, மருதி?” என்றது மந்தித் தலைவி நீலி.

“போய் வா,” என்றது மான் தலைவி மருதி.

மறுநாள் விடியலில் ஒரே பனிமூட்டம். மந்திகள் குட்டிகளைச் சுமந்துகொண்டு, கனவில் நடப்பதுபோலப் புல்வெளியைக் கடந்தன. அப்போது மருதியின் மூக்கில் சிறுத்தை வாடை பட்டது. யாரையும் கேட்காமல் அது உரக்கக் கத்தியது. மந்திகள் பாய்ந்து மரமேறின. சிறுத்தை பனிக்குள்ளேயே கரைந்து போனது.

“இன்னொரு தடவை வாக்கெடுக்கிறோம். இங்கேயே இருந்துவிடுவோம்,” என்றது நீலி, மூச்சு வாங்க.

“இருங்கள், சந்தோஷம்தான். ஆனால் நேற்று நாங்களும் வாக்களித்தோம். இனி உங்களை மட்டும் நம்பியிராமல், எங்களில் ஒருத்தர் எப்போதும் காவல் நிற்பார்,” என்றது மருதி.

பனி விலகியபோது, மந்திகள் இருந்த மரத்தடியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மான் மட்டும் மேயாமல் தலை நிமிர்ந்து நின்றது.