மேய்ச்சல் எல்லை

ஏடன் பாலைவனத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் ஷேக்குகளும் பேசி முடித்த எல்லையில் கற்களை நட்டுவிட்டு, நில அளவையாளர் நமசிவாயம் 1957இல் சிங்கப்பூர் திரும்பினார். அந்த எல்லையால் மேய்ச்சல் நிலத்தை இழந்த இடையன் ஒருவன், ஒரு கல்லருகே ஆடுகளோடு தாகத்தில் இறந்துகிடந்ததை அவர் பார்த்திருந்தார்.

ஒரு மத்தியானம், குவீன்ஸ்டவுனில் அவர் குடியிருந்த ஏழாம் மாடி நடைபாதையில் ஆடுகள் கத்தின. குழந்தையை உள்ளறையில் தூங்கவைத்துவிட்டு வந்த மனைவி இராசமலர் சன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரோ அரபுக்காரன் ஆடுகளோட நிக்கிறான். என்னவோ கேக்கிறான்."

அவள் தோளுக்கு மேலால் பார்த்த நமசிவாயத்தின் முகம் வெளுத்தது.

"கதவைத் திறக்காதை. அவன் செத்துப்போனவன்."

"என்ன கேக்கிறான்?"

"ஆடுகள் எதுவரைக்கும் போகலாம் எண்டு."

எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று அவர் அரபியில் கத்தினார்.

நடைபாதை வெறுமையானது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்த அறைக்குள் ஆடுகள் கத்தத் தொடங்கின.