இடப்பக்கத்துச் சூடு

அன்று பட்டறையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: நஞ்சுண்டன், மெக்கானிக் பிரான்சிஸ். நஞ்சுண்டனின் மனைவி மயிலாத்தாள் இறந்து நான்கு வருடம்.

அவருடைய பழைய காரின் பானெட்டைத் திறந்த பிரான்சிஸ் சிரித்தார். "உங்க ஊட்டம்மா தவறுனப்பறம் ஹீட்டர் எதுக்குன்னு நீங்கதானுங்களே கழட்டச் சொன்னீங்க? சுடுதண்ணி வர்ற ஹோஸ் பொடிஞ்சு கெடக்குது, அதை மாட்டற மூட்டும் ஒடைஞ்சிருச்சுங்க."

"புதுசா மாட்டிப்போடு."

"பொள்ளாச்சி வெயிலுக்கு ஹீட்டருங்களா? நீங்க அடிக்கடி போற வால்பாறையில யாருங்க காத்திருக்கறது?"

நஞ்சுண்டன் அந்தப் பேச்சை ரசிக்கவில்லை. "ஆழியாறு தாண்டி மலை ஏறுனா ஹீட்டர் குமிழ் தானா முழுசாத் திரும்பிக்குது. நான் அணைச்சா மறுபடியும் திரும்புது. வர்றது சூடில்லாத பச்சைக் காத்து. அவளுக்குக் கால் வெறைச்சுப் போகும்."

பிரான்சிஸ் புது ஹோஸ்களை மாட்டி, கிளாம்புகளை இரண்டு முறை முறுக்கிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் குமிழ் திரும்பியது. இடப்பக்கம் சூடான காற்று வந்தது. சற்று நேரம் கழித்து, போதும் என்பதுபோல, குமிழ் பாதியளவுக்கு வந்து நின்றது.

நஞ்சுண்டன் யாரோ ஒரு பெண்ணைக் காரில் வால்பாறைக்குக் கூட்டிப்போகிறார் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்த முன்னிருக்கையில் இன்றுவரை மயிலாத்தாளைத் தவிர வேறு பெண் யாரும் உட்கார்ந்ததில்லை.